வெள்ளிவீதியார் பாட்டும் பெண்ணியத் திறனாய்வும்

சங்கத் தொகைநூல்களுள் வெள்ளிவீதியார் பெயரால் வழங்கும் பாடல்கள் 13. அவற்றுள் குறுந்தொகையில் அமைந்தன 8, நற்றிணையில் 3, அகநானூற்றில் 2. அனைத்தும் அகத்திணைப் பாடல்களே. இவரைப் பற்றி எழுதப் புகுவார் பலரும் ஒரு வரலாற்றோடு தொடங்குதல் வழக்கம். இவர் தம் கணவனைப் பிரிந்தார் என்றும், அவனைத் தேடி ஊரூராகத் திரிந்தார் என்றும், அத்துயரமே பாட்டாக வெளிப்பட்டது என்றும் கூறுவர். பழைய முறையிற் பயின்ற புலவர் இவ்வாறு கூறினர். பெண்ணிய நோக்கில் எழுதும் இந்நாளைய ஆய்வாளருள்ளும் சிலர், சொல்லை மாற்றி, இதனையே கூறுகின்றனர். முன்னையோர் ‘கற்பின் துயரம்’ என்றதனைப் பின்னையோர் ‘பெண்ணின் சொந்தக் குரல்’ என்பர். இரு சாராரும் பாட்டினை வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்வதில் ஒன்றுபடுகின்றனர். இக்கொள்கை பொருந்துமா என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய வேண்டுவது என்னையெனின், இதன்கண் ஓர் அளவை முரண் உள்ளது. கபிலரும் பரணரும் தலைவி கூற்றாகப் பல பாடல்கள் பாடியுள்ளனர். அவற்றைக் கண்டு, கபிலர் பசலை பாய்ந்து வருந்தினார் என்று கூறுவார் எவருமிலர். அவை புலமையின் ஆக்கம் எனக் கொள்ளப்படும். ஒரு பெண்பாற் புலவர் அதே கூற்றில் அதே துறையைப் பாடினால், அது அவர் பட்ட துன்பம் எனக் கொள்ளப்படும். ஆணுக்குப் புலமையும் பெண்ணுக்குப் பட்டறிவும் எனப் பகுத்தளிக்கும் இம்முறையைக் கண்டறிந்து விலக்குதலே பெண்ணியத் திறனாய்வின் முதற் கடமை என்பது எம் கருத்து.

பெண்ணியத் திறனாய்வின் இருநெறி

இத்திறனாய்வு மேலைநாடுகளில் ஒரு துறையாக வளர்ந்த நெறியை ஈண்டுச் சுருங்கக் காண்போம். வர்ஜீனியா வுல்ப் 1929-இல் வெளியிட்ட நூலில், எழுத விரும்பும் பெண்ணுக்குப் பொருளும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என வாதிட்டார். சிமோன் தெ பொவார் 1949-இல் வெளியிட்ட நூல், ஆண் தன்னை அளவையாகக் கொண்டு பெண்ணை ‘மற்றது’ ஆக்கிய முறையை ஆராய்ந்தது. 1970-இல் கேட் மில்லெட், ஆண் எழுத்தாளர் படைப்புக்களில் அமைந்த பாலின அதிகார உறவை எடுத்துக்காட்டினார். இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு ஏலேன் ஷோவால்ட்டர் 1979-இல் எழுதிய கட்டுரையில், இத்திறனாய்வை இரண்டாக வகுத்தார். பெண்ணைப் படிப்பவளாகக் கொண்டு, ஆண்கள் இயற்றிய இலக்கியத்தில் பெண் காட்டப்பெறும் முறையை ஆராய்தல் ஒன்று. பெண்ணை எழுதுபவளாகக் கொண்டு, அவள் படைப்பின் வரலாறு, வகை, மொழி, மரபு ஆகியவற்றை ஆராய்தல் மற்றொன்று.

இவர்க்கு முன்னரே, 1968-இல், மேரி எல்மன் என்பார் எம் பொருளுக்கு மிக அணுக்கமான ஒன்றைக் கண்டு கூறினார். பெண்கள் எழுதிய நூல்களைத் திறனாய்வாளர், அந்நூல்களே பெண்கள் போலக் கருதி மதிப்பிடுகின்றனர் என்பது அவர் கண்டது. நூலின் கட்டுக்கோப்பைப் பேச வேண்டிய இடத்தில் எழுதியவளின் இயல்பும் வாழ்வும் பேசப்படும் என்பது இதன் பொருள்.

முதல் நெறி தமிழ் அகத்திணைக்கு எளிதிற் பொருந்துவது. பெருமையும் உரனும் ஆண்மகனுக்கு உரியன என்றும், அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு உரியன என்றும் தொல்காப்பியம் வகுக்கும். மடலேறுதல் பெண்ணுக்கு இல்லை என விலக்கும். தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தலையும் தடுக்கும். இவ்விதிகளை நிரலாக எடுத்துக்காட்டி, பெண்ணின் பேச்சுக்கு எல்லை வகுக்கப்பட்டமையை நிறுவலாம். இரண்டாம் நெறியே அருமையுடையது. எவரும் கூற்றுமாந்தராக நின்றே பேச வேண்டிய ஒரு மரபில், பாடிய பெண்ணின் கையை எங்ஙனம் இனங்காண்பது? வெள்ளிவீதியாரை யாம் எடுத்துக்கொண்டது இவ்வினாவின்பொருட்டே.

வரலாறு தோன்றிய வகை

வெள்ளிவீதியார் வரலாற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவன இரண்டு. அகநானூறு 147-ஆம் பாட்டு ஒளவையார் பாடியது. அதன்கண் தலைவி, பிரிந்து சென்ற தலைவனை நாடி, வெள்ளிவீதியைப் போலத் தானும் செல்ல விரும்புவதாகத் தோழிக்குக் கூறுகின்றாள். பிறிதொன்று நச்சினார்க்கினியர் உரை. அன்பின் ஐந்திணையில் ஒருவர் இயற்பெயர் கூறப்பெறாது என்னும் தொல்காப்பிய விதிக்கு உரை வகுக்குமிடத்து, அவர் ஆதிமந்தியார் பாட்டையும் (குறுந். 31) வெள்ளிவீதியார் பாட்டையும் (குறுந். 27) எடுத்துக்காட்டுவர். தத்தம் பெயரைச் சொன்னால் பாட்டுப் புறமாகிவிடும் என்று அஞ்சி அவர்கள் பெயர் கூறாது விட்டனர் என்பது அவர் விளக்கம். ஆதிமந்தி, வெள்ளிவீதி என்னும் பெயர்கள் அகப்பாட்டினுள் உவமையாக வருதல் சார்த்துவகையான் அமைந்தது என்றும் அவர் அமைதி கூறுவர்.

இவ்விரண்டும் எதனை நிறுவுகின்றன என்பதனை அளந்து கொள்ளல் வேண்டும். வெள்ளிவீதி என்பாள் ஒருத்தி, தேடிச் சென்றவள் எனப் புலவர் உலகில் அறியப்பட்டிருந்தாள் என்பதனை ஒளவையார் பாட்டு நிறுவும். அச்செலவினின்றே 13 பாடல்களும் பிறந்தன என்பதனை அது நிறுவாது. நச்சினார்க்கினியர் பாடினோர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அவர் உரையால் அறியப்படுவது, இப்பாடல்களைச் சொந்தத் துயரமாகப் படிக்கும் வழக்கு அவர் காலத்தில் இருந்தது என்பதே. எனினும் அவ்வுரையில் ஓர் அரிய குறிப்பு உண்டு. இலக்கண விதியே இப்பெண்பாற் புலவர்களைத் தம் பெயரை மறைக்குமாறு செய்தது என்பதனை அவரே உணர்ந்து எழுதியுள்ளார். பெயர் மறைத்தலை விதிக்கும் இலக்கணமும், மறைத்த பெயரைத் தேடும் உரையும் ஒருங்கே வழங்கியமை எண்ணத்தக்கது.

கூற்றுப் பகுப்பு

இனி, பாடல்களை நோக்குவாம். குறுந்தொகையில் உள்ள 8 பாடல்களுக்கும் துறைக்குறிப்புத் தரும் கூற்று வருமாறு: தலைவி கூற்று 4 (27, 149, 169, 386), தோழி கூற்று 2 (130, 146), செவிலி கூற்று 1 (44), தலைவன் கூற்று 1 (58). எனவே சரிபாதியே தலைவி கூற்று. உடன்போன மகளைத் தேடி இடைச்சுரத்தில் கால் தளர்ந்து கண்ணொளி மங்கி நிற்கும் செவிலியாகவும் இவர் பேசுகின்றார். வரைவு பேச வந்த முதியோரைக் கண்டு மகிழும் தோழியாகவும் பேசுகின்றார். கழறிய நண்பர்க்கு விடைகூறும் ஆண்மகனாகவும் பேசுகின்றார்.

58-ஆம் பாட்டு ஈண்டுச் சிறப்பாகக் கருதற்பாலது. இது கழற்றெதிர்மறைத் துறை. தலைவன் தன்னை இடித்துரைக்கும் கேளிரை நோக்கி, காமநோயைத் தாங்கி நிறுத்தல் தன்னால் இயலாமையைக் கூறுகின்றான். ஞாயிறு காயும் வெம்பாறையில் வெண்ணெய் வைக்கப்பட்டுள்ளது. கையில்லாத ஊமன் ஒருவன் அதனைக் கண்ணாற் காத்திருக்கின்றான். உருகிப் பரவும் வெண்ணெயை எடுக்கவும் அவனால் இயலாது. பிறரை அழைக்கவும் இயலாது. கண் ஒன்றே அவனுக்கு உண்டு. காணவும் இயன்று, செய்யவும் சொல்லவும் இயலாத இந்நிலை, அகமரபு தலைவிக்கு விதித்த நிலையோடு பெரிதும் ஒத்தது. அந்நிலையை ஒரு பெண்பாற் புலவர் ஆண்மகன் வாயில் வைத்துள்ளார். இதனை வெள்ளிவீதியாரின் வாழ்க்கைக் குறிப்பு என்பார் எவருமிலர். அங்ஙனமாயின், தலைவி கூற்றாயமைந்த நான்கனை மட்டும் அவ்வாறு கொள்ளுதற்கு நியாயம் யாது?

ஈண்டு ஒரு தடை எழும். துறைக்குறிப்புக்கள் பாடினோர் எழுதியன அல்ல, பின்னர் அமைக்கப்பட்டன. அவற்றை நீக்கிப் பாட்டை மட்டும் நோக்கின், 44-ஆம் பாட்டையும் 130-ஆம் பாட்டையும் தேடிச் சென்ற பெண்ணின் சொல்லாகவே கொள்ளலாமன்றோ? 58-ஆம் பாட்டிலும் பேசுவோன் ஆண் என்பதற்குச் சொல்லளவிற் சான்று இல்லையன்றோ? எனின், இத்தடை வலியுடையதே. ஆயினும் ஒன்று கூறுவோம். பாடினோர் பெயரும் இப்பாட்டுக்களின் உள்ளே இல்லை. அதுவும் பாட்டின் புறத்தே நிற்கும் குறிப்பின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளது. கூற்றுக் குறிப்பை ஐயுற்று நீக்குவோர், வெள்ளிவீதியார் என்னும் பெயர்க்குறிப்பை மட்டும் ஐயமின்றிக் கொண்டு, அதன்மேல் வரலாறு எழுப்புதல் முறையாகாது. இரண்டனையும் ஒரே அளவிற் கொள்ளல் வேண்டும். அன்றேல் ஒரே அளவில் ஐயுறல் வேண்டும்.

நக்கண்ணையார் பாடல்கள்

இவ்வளவை முரண் தொகுத்தோரிடத்தும் உண்டு என்பதற்குப் புறநானூறு சான்று. அந்நூலின் 83, 84, 85-ஆம் பாடல்கள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியன. இம்மூன்றும் ஒரு பெண் ஒரு மறவன்மேற் கொண்ட காதலைக் கூறுவன. 83-இல், அவனைத் தழுவ அவையோர்க்கு நாணியும், விடுத்துத் தளர யாய்க்கு அஞ்சியும் அவள் இருதலையாக நடுங்குகின்றாள். பாட்டினுள் அம்மறவனின் இயற்பெயர் இல்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளியே அவன் என்று கூறுவது பாட்டின் கீழ் அமைந்த குறிப்பு. இவை கைக்கிளைத் திணையாகக் கொள்ளப்பட்டுப் புறத்தில் வைக்கப்பட்டன.

இவ்வாறு, ஒரு பெண்ணின் காதற்பாட்டு, அது அவள் வாழ்வில் நிகழ்ந்தது எனக் கருதப்பட்டமையால், அகத்தினின்று நீக்கப்பட்டது. வேறொரு பெண்ணின் காதற்பாட்டு அகத்தில் இடம்பெற்ற பின்னரும், அது அவள் வாழ்வே எனப் படிக்கப்பட்டது. நக்கண்ணையார் அகநானூற்றிலும் நற்றிணையிலும் பாடியுள்ளார். அவர்க்கு அகமரபின் பயிற்சி இல்லை எனக் கூறுதல் இயலாது. எனவே, புறப்பாடல் மூன்றனையும் தம்பெயர் நீக்கிப் பாடியமையைப் புலமை பற்றியதாகக் கொள்ளவும் இடமுண்டு. தொகுப்புமுறை அவ்விடத்தை மூடிவிட்டது.

உவமையிற் காணப்படும் கை

பாட்டை வாழ்க்கையாகப் படித்தலை விலக்கினால், பெண்பாற் புலவரின் தனித்தன்மையைக் காண வேறு வழி யாது என வினவலாம். வழி பாட்டினுள்ளேயே உண்டு. வெள்ளிவீதியாரின் உவமைகளை நிரலாக வைத்து நோக்குக.

27-இல், நல்ல ஆவின் இனிய பால் கன்றாலும் உண்ணப்படாமல், கலத்திலும் வீழாமல், நிலத்தில் உகுகின்றது. 58-இல், வெண்ணெய் பாறையில் உருகிப் பரவுகின்றது. 149-இல், கரும்பு நிற்கும் மணற்சிறை இனிய புனல் நெருக்கக் கரைகின்றது. 169-இல், பாணர் பசுமீன் சொரிந்த மண்டை புலால் நாறுகின்றது. தங்க வேண்டியது தங்காமல் உகுதல், உருகுதல், கரைதல், கெடுதல் என்னும் ஒரே நிகழ்ச்சி நான்கிடத்தும் வருகின்றது. பொருள்களோ பால், வெண்ணெய், மீன், கரும்புப் பாத்தி என வீட்டிலும் புலத்திலும் கையாளப்படுவன. இவற்றுள் மூன்று தலைவி கூற்று. ஒன்று தலைவன் கூற்று. கூற்று மாறினும் உவமையின் போக்கு மாறவில்லை. தலைவி கூற்றேயாயினும் 386-இல் இப்போக்கு இல்லை. ஆகவே இது தலைவியின் குரலன்று, பாடியவரின் கை. இத்தகைய உவமைகள் ஆண்பாற் புலவரிடத்து இல்லை என யாம் கூறவில்லை. எட்டே பாடல்களுள் நான்கனில் ஒரே போக்கு அமைந்தமை தற்செயல் எனக் கொள்வது அரிது என்பதே யாம் கூறுவது.

மற்றொன்றும் காண்போம். 27-இல் தலைவியின் அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலையால் உண்ணப்படுகின்றது. 169-இல் உயிர் தமக்கும் புலவாகித் தலைவனையும் பெற்றுத்தரவில்லை. ஈரிடத்தும் ‘தனக்கு’ என்பது முன்னும் ‘தலைவனுக்கு’ என்பது பின்னும் நிற்கின்றன. பெண்ணின் நலம் தலைவன் நுகர்தற்கு உரியது என்னும் கருத்துப் பரவலாக வழங்கிய மரபில், அந்நலம் முதற்கண் தனக்கு உரியது என்னும் கணக்கை இவ்வைப்புமுறை உட்கொண்டுள்ளது. 149-இல் இக்கணக்கு மேலும் விரிகின்றது. நாண் பெண்ணின் இயல்பு என்பது இலக்கணம். இப்பாட்டிலோ நாண், தலைவியோடு நெடுங்காலம் உடனுழைத்த ஒரு துணை. அது தாங்கும் அளவு தாங்கிப் பின் நீங்கும். அதன்பொருட்டு அவள் இரங்குகின்றாள். பெண்ணின் இயல்பினின்று பிரிக்கவொண்ணாதது என வகுக்கப்பட்டதனை, வந்து தங்கிச் செல்வதாகக் காட்டியது இப்பாட்டின் துணிவு. வெள்ளிவீதியார் கணவனைத் தேடினாரா இல்லையா என்பதனை அறியாமலே இதனை உணரலாம்.

அகநானூறு 45 இவர் புலமைக்குத் தெளிவான சான்று. அதன்கண் ஊரலர்க்கு உவமை, குறுக்கைப் பறந்தலையில் அன்னி திதியனது புன்னையை வெட்டிய நாளில் வயிரியர் எழுப்பிய ஆரவாரம். தலைவியின் அலமரலுக்கு உவமை ஆதிமந்தி. அவள் உறங்காமைக்கு உவமை, வானவரம்பன் போர்முனையில் மதிலுடைந்து கலங்கிய அரண். ஒரே பாட்டில் மூன்று வரலாற்றுச் செய்திகள் அளவறிந்து வைக்கப்பட்டுள்ளன. போர்ச் செய்தியும் அரசர் செய்தியும் அறிந்த ஒரு புலவர் நெஞ்சம் இதன்கண் தொழிற்பட்டுள்ளது. இதனைத் ‘துயரம் தானே சொல்லாயிற்று’ என்று போற்றுதல், போற்றுவது போன்று அப்புலமையை மறைத்தலாகும்.

ஆதிமந்தியைப் பரணரும் பாடியுள்ளார் (அகம். 222, 376). அவர் பாட்டில் கழார்த் துறையின் புனல்விழாவும் ஆட்டனத்தியின் எழிலும் காவிரி அவனை வௌவியதும் விரிகின்றன. வெள்ளிவீதியார் இவற்றுள் ஒன்றனையும் கூறாமல், இழந்தவளின் அலமரல் ஒன்றனையே கொள்கின்றார். பின்னர் ஒளவையார் வெள்ளிவீதியையே உவமையாக்குகின்றார். ஆதிமந்தியை வெள்ளிவீதியாரும் வெள்ளிவீதியாரை ஒளவையாரும் பெயர்சுட்டும் இத்தொடர்ச்சி, பெண்பாற் புலவர் ஒருவரை ஒருவர் அறிந்து பாடியமையைக் காட்டும். தலைமக்கள் பெயரை விலக்கிய விதி உவமைக்கண் விட்ட சிறு வாயிலின் வழியே அவர்கள் பெயர் அகத்தினுட் புகுந்தது. ஷோவால்ட்டர் கூறும் இரண்டாம் நெறிக்குத் தமிழில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாம் அறியோம்.

எதிர்ப்பும் புலமையும்

பெண்பாற் புலவர் பாட்டில் எதிர்ப்பை மட்டுமே தேடுதலும் இவ்வாறே குறையுடையது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூறு 278-இல், புறங்கொடாது பொருது பட்ட மகனைக் கண்ட முதியோள், ஈன்ற பொழுதினும் பெரிதும் மகிழ்கின்றாள். ஒக்கூர் மாசாத்தியாரின் 279-இல், தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள் தன் ஒரே மகனையும் அனுப்புகின்றாள். இவை மறமரபைப் போற்றும் பாடல்கள். எதிர்ப்பே பெண்மொழி என்பார் இவற்றை ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்கின், பெண்பாற் புலவர் புலமையிற் பெரும்பகுதி ஒழியும். பெருங்கோப்பெண்டு பாடிய 246-ஆம் பாட்டு, தீப்பாய்தலைத் தடுக்கும் சான்றோரை மறுத்துரைப்பது. அவள் துணிவு மரபின் வழிப்பட்டது. ஆயினும் கைம்மை வாழ்வின் உணவையும் படுக்கையையும் அப்பாட்டு எண்ணிக் காட்டும் முறை, அவ்வாழ்வை விதித்த சமுதாயத்தின்மேற் சுமத்தும் குற்றச்சாட்டாகவும் நிற்கின்றது. ஏற்பும் மறுப்பும் ஒரே பாட்டில் நிகழ்தல் கூடும் என்பதனை உடன்பட்டாலன்றி இவற்றை முழுமையாகப் படித்தல் இயலாது.

முடிபு

வெள்ளிவீதியார் துயருறவில்லை என்பது எம் கூற்றன்று. அவர் துயருற்றிருக்கலாம், தேடியும் சென்றிருக்கலாம். அதனைப் பாட்டின் விளக்கமாகக் கொள்ளுதற்கு அவர் பாடல்கள் இடந்தரவில்லை என்பதே எம் முடிபு. பெண்ணின் பட்டறிவை மதிக்க வேண்டும் என்னும் நன்னோக்கத்தால் அவள் புலமையைக் குறைத்தல், பழைய அளவுகோலைப் புதிய பெயரால் வழங்குதலாகும்.

ஆதலின், பெண்பாற் புலவர் பாடல்களை ஆராயப் புகும் மாணாக்கர் மூன்றனை முறையே வினவுதல் நன்று. பாடியவர் யார், பேசுபவர் யார், அவ்விரண்டனையும் நமக்குக் கூறிய குறிப்பு யாது என்பது முதலாவது. அக்கூற்றுக்கு இலக்கணம் வகுத்த எல்லை யாது, பாட்டு அவ்வெல்லையை எவ்விடத்துக் கொண்டது, எவ்விடத்துக் கடந்தது என்பது இரண்டாவது. அப்புலவரின் பிற பாடல்களில், கூற்று மாறியபோதும் மாறாது நிற்பது யாது என்பது மூன்றாவது. வெள்ளிவீதியாரிடத்து இம்மூன்றாம் வினா, உகும் பாலையும் உருகும் வெண்ணெயையும் நமக்குக் காட்டியது. ஒளவையார், ஒக்கூர் மாசாத்தியார், வெறிபாடிய காமக்கண்ணியார் ஆகியோர் பாடல்களும் இவ்வினாக்களை வைத்து ஆராயத்தக்கன.